மலாய்த் தேர்வுக்கு இரண்டு பேராக மலாக்கா போனோம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போவதாகப் பேச்சு. குடியுரிமை இல்லாதவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். குடியுரிமைக்கு மலாயில் வாய்மொழித் தேர்வு உண்டு. அழைப்பு வந்ததும் மனைவி செல்லம்மாவோடு கிளம்பினேன். உங்களுக்கும் அழைப்பு வந்திருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காலை ஆறரைக்கு அலோர் காஜாவில் பஸ். பதினாறு மைல், ஆளுக்கு எண்பது காசு. பஸ் நிலையத்திலிருந்து காஜா பெராங்குக்கு அரை மணி நடை. அங்கே மலாக்காச் செட்டிகள் குடியிருப்பில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மீனாட்சி அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு. கோயிலும் திருநீறும் பார்த்ததும் தெம்பு வந்தது. தமிழிலேயே மலாய் இலக்கணம் சொல்லித் தருவார் என்று நம்பித்தான் ஒருநாள் முன்னதாகப் போனேன். அக்காவுக்குத் தமிழே தெரியவில்லை. அந்தச் செட்டிகளுக்குப் பரம்பரையாக மலாய்தான் பேச்சாம்.

மறுத்துச் சொல்ல மலாயில் 'புக்கான்', 'தீடாக்' என்று இரண்டு சொல். எங்கே எது வரும் என்பதுதான் என் சந்தேகம். அக்கா பூனையைக் காட்டி, "இனி புக்கான் அஞ்சிங்," என்றார். இது நாய் அல்ல. வெறும் வாசலைக் காட்டி, "அஞ்சிங் தீடாக் அடா," என்றார். நாய் இல்லை. அட, நம்முடைய அல்லவும் இல்லையும்தான். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்ல' என்றே சொல்லிப் பழகி மறந்திருக்கிறேன். அன்று முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து அதையே உருப்போட்டேன். செல்லம்மா அடுப்படியில் அக்காவோடு சம்பல் இடித்தபடி, தெரிந்த நாலு மலாய்ச் சொல்லை வைத்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தேர்வு. என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். நான் மனத்துக்குள் புக்கானா தீடாக்கா என்று உருட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. செல்லம்மாவிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். சம்பலுக்கு எத்தனை மிளகாய் என்பது வரை சொல்லிவிட்டாள். அவள் தேறினாள். என்னை அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பயம் இரண்டு பங்கானது. இனி அவளுக்கு நாடு உண்டு. என்னை மட்டும் கப்பலேற்றினால்? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"சும்மா இருங்க. ஒங்கள அனுப்பிட்டு எனக்கு இங்க என்ன வேல?" என்றாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸுக்குப் போக வர ஆளுக்கு ஒரு வெள்ளி அறுபது காசு வைத்துக்கொள்ளுங்கள். செட்டி வீட்டில் தங்க இடம் கிடைத்தால் கூடத்தில் உட்காராமல் அடுப்படிக்குப் போங்கள். எனக்கு மறுதேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள். வீடு வந்ததிலிருந்து செல்லம்மா என்னோடு தமிழில் பேசுவதில்லை.