கட்டம் டாட் காம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் ஜெனிஃபா கடிதம் அடிக்க உட்கார்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஜெர்மனிக்காரருக்கு எவ்வளவு பணிவு, இத்தாலிக்காரருக்கு எவ்வளவு குழைவு, தாமதமாகப் போகும் சரக்குக்கு என்ன சாக்கு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடிதத்தின் அடியில் மேனேஜர் பெயர் இருக்கும். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிறவரே நேரில் வந்து, "உங்கள் கடிதங்களுக்காகவே உங்கள் கம்பெனியோடு வியாபாரம் செய்கிறேன்" என்று மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் தலை குனிந்து சிரித்தார். ஜெனிஃபா அப்போது பிஸ்கட் தட்டுடன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அடுத்த மாதம் ராஜினாமா கொடுத்தாள். அது 2005.

"இன்னா ஜெனி, எங்க போற?" என்றார் மேனேஜர்.

"சொந்தமா கடை போடறேன் சார்."

"நல்லது. எங்க, பஜார்லயா?"

"இன்டர்நெட்டுல சார்."

"அது எந்த ஸ்டாப்பிங்?" என்று அவர் கேட்டதும் அக்கவுன்ட்ஸ் பிரிவு முழுக்கச் சிரித்தது. "போய்ட்டு வா. உன் சீட்டு எங்கயும் போகாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடை நின்றாக வேண்டும். நின்றால்தான் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்காது. லாபம், பெயர், கார் எல்லாம் பிறகு.

எதை விற்பது என்பதில் அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஊரே ஷூ விற்கிறது. அதில் போய் நின்றால் மிதிபடுவாள். பக்கத்தில் குடியாத்தம் இருக்கிறது. அங்கே தறியில் ஓடும் லுங்கித் துணி கட்டுக்கட்டாக மொத்த வியாபாரிகளுக்குப் போகிறது. கெட்டிச் சாயம், சின்னச் சின்னக் கட்டம், துவைக்கத் துவைக்க மிருதுவாகும் பருத்தி. இதை இடுப்பில் சுற்றுவதைத் தவிர வேறு எதற்கும் யாரும் யோசிக்கவில்லை. ஜெனிஃபா யோசித்தாள். பெங்களூரிலும் பூனாவிலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் பெண்களுக்கு நைட்டி. அவர்களின் குழந்தைகளுக்குக் கையில்லாத சட்டை.

கடைக்கு 'கட்டம்' என்று பெயர் வைத்தாள். 'கட்டம் டாட் காம்' என்று ஒரு முகவரியும் வாங்கிப் போட்டாள். ஆனால் விற்பனை நடந்தது ஓர் ஏல இணையதளத்தில்தான். யாரும் அங்கே கடை திறக்கலாம். வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு, கீழே ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரிதான் அடுத்த ஆளை உள்ளே அழைத்து வரும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

அப்பா இன்பசேகரன் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "கடைன்னா ஒரு ஷட்டராவது வேணாமா? காத்தால தூக்கற சத்தம் கேட்டாத்தான் நம்ம கடைன்னு தோணும்" என்றார். பிறகு பெயரைக் கேட்டு, "கட்டமா? ஜாதகம் பாக்கற இடம்னு வந்துடப் போறாங்க" என்று சிரித்தார். அவள் இன்டர்நெட் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. சபையில் யார் செத்தார்கள் என்பதைக்கூட ஆராதனைக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று புலம்புவார்.

துணிக்கு நந்தகோபாலைப் பிடித்தாள். குடியாத்தத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு விசைத்தறி ஓட்டுபவர். முதலில் அவர் பிடிகொடுக்கவில்லை.

"ஒரு பீஸு ரெண்டு பீஸு கேக்கற ஆளுக்கு இவ்ளோ பேஜாராம்மா? ஃபோட்டோ, பேரு, விலாசம், கதை? எங்கிட்ட வர்ற ஆளு துணிய ரெண்டு விரல்ல தேச்சுப் பாப்பான், கட்டோட தூக்கிட்டுப் போய்டுவான்."

"அவங்களால தேச்சுப் பாக்க முடியாதுண்ணா. அதனாலதான் எழுதணும். நாம எழுதறத வெச்சுத்தான் அவங்க தேச்சுப் பாக்கணும்."

நந்தகோபால் மகள் தீபலட்சுமியைக் கூப்பிட்டு, "இந்தக்கா பேசறத கேட்டுக்கோ" என்றார். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த தீபலட்சுமி கேட்டுக்கொண்டாள்.

தைப்பதற்கு ஷஹீன் பானு. ஜெனிஃபாவின் பின்தெருவில், கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்களை வாங்கி வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். தோலிலேயே நேர்கோடு போடும் கைக்குத் துணி எம்மாத்திரம்? நைட்டிகள் பிசிறில்லாமல் வந்தன. கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். மற்ற கடைக்காரர்கள் துணியைத் தரையில் விரித்து மேலிருந்து எடுப்பார்கள். இவள் கொடியில் போட்டுக் காற்றடிக்கும்போது எடுத்தாள். கீழே ஆங்கிலத்தில் எழுதினாள்: 'முதல் நாள் இது துணி. பத்தாவது துவையலில் இது உங்களுடையது.' பத்து வருஷமாக இன்னொருவர் பெயருக்குக் கீழே போய்க்கொண்டிருந்த திறமை முதல்முறையாகத் தன் பெயரில் உட்கார்ந்தது.

ஆர்டர்கள் வந்தன. கம்பெனிகள் கழித்துப்போட்ட ஷூ அட்டைப்பெட்டிகளை பஜாரில் மலிவாக வாங்கி, அவற்றிலேயே கட்டி அனுப்பினாள். பெட்டி கெட்டியாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டிக்கூட எழுதியிருந்தார்.

பிறகு பூனாவிலிருந்து ஒரு வரி வந்தது. 'தையல் அருமை. நாற்றம் சகிக்கவில்லை.'

ஜெனிஃபா அதைப் போட்டிக்காரன் வேலை என்று ஒதுக்கினாள். அடுத்து பெங்களூரிலிருந்து ஒரு குழந்தைச் சட்டை திரும்பி வந்தது. கொச்சியிலிருந்து ஒரு பெண் நேராகவே கேட்டிருந்தாள்: 'இதில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா?' மூன்று ஊர்க்காரர்கள் கூடிப் பேசி வைத்து எழுத மாட்டார்கள். திரும்பி வந்த சட்டையை மூக்கில் வைத்து அழுத்தி முகர்ந்தாள். பருத்தி வாசனைதான் வந்தது. அப்பாவிடம் கொடுத்தாள். "சோப்பு வாசனகூட இல்லியே" என்றார் அவர்.

அப்படியானால் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும்போது துணியிலிருந்து கிளம்பும் வாசனை. சாயமாக இருக்க வேண்டும், அல்லது தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி. கம்பெனியில் சரக்கில் குறை வந்தால் சப்ளையருக்கு எப்படி எழுதுவார்களோ அப்படியே நந்தகோபாலுக்கு எழுதினாள். 'உங்கள் துணியில் ஏற்றுக்கொள்ள முடியாத துர்நாற்றம் உள்ளது.' எழுதியதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் எழுதிய வரிகளை அச்செடுத்துக்கொண்டு குடியாத்தம் போய், ஷெட்டில் தறிக்காரர்கள் முன்னாலேயே படித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னாள்.

நந்தகோபால் தறியிலிருந்த துணியை இழுத்து முகர்ந்தார். "எங்கம்மா? இன்னா நாத்தம்?"

"உங்களுக்குப் பழகிப் போச்சுண்ணா. தெனமும் இதுலயே இருக்கறவங்களுக்குத் தெரியாது."

அவர் மனைவி மனோரமா கையில் காபியோடு வந்தவள் அப்படியே நின்றாள். "எங்க ஊட்டுக்கு வந்து நாத்தம்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றாள்.

நந்தகோபால் நல்ல மனிதர். வாடிக்கையாளர் சொன்னால் ஏதோ இருக்கும் என்று நினைத்தார். கஞ்சியை மாற்றினார். அதிலும் தீராததால், தன் அப்பா காலத்திலிருந்து சாயம் போட்டுத் தந்த ஆளை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் கொடுத்தார். அந்தச் சாயக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார்.

புதுச் சாயத் துணியும் ஆம்பூருக்கு வந்தது, தைக்கப்பட்டது, போனது. வரிகள் அதேபோலவே திரும்பி வந்தன. இம்முறை ஜெனிஃபா தொலைபேசியில் கத்தினாள். "உங்களால என் கடை போவுதுண்ணா!" அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. "வேற எடம் பாத்துக்கோம்மா" என்று சொல்லி நந்தகோபால் வைத்துவிட்டார்.

இணையதளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. புகார் இனியும் தொடர்ந்தால் கடை முடக்கப்படும்.

மீதமிருந்த பார்சல்களைச் சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று வேலூரில் கூரியர் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனாள். கவுன்ட்டரில் சதீஷ்குமார் என்ற ஒடுகத்தூர்க்காரர். பெட்டிகளை மேசைமேல் வைத்ததும் விலாசத்தைக்கூடப் பார்க்காமல் பின்னால் திரும்பி, "ஃபேன ஜாஸ்தி பண்ணுப்பா, ஆம்பூர் வந்திருக்குது" என்றார்.

"எப்படித் தெரியும் ஆம்பூருன்னு?"

"இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? கண்ண கட்டிட்டு விட்டாலும் சொல்வேன். தோலு வாசன." பெட்டியைத் தட்டினார். "உள்ள இன்னா, செருப்பா?"

"குழந்தைங்க சட்டை."

சதீஷ்குமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் வெளியூரு, எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியாது" என்றார்.

ஏறக்குறைய இதே வார்த்தைகளை அவள் நந்தகோபாலிடம் சொல்லியிருந்தாள்.

ரயில் ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் கர்சீப்பை மூக்கில் வைப்பதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அது காற்றில் இருப்பது, அவர்கள் பட்டணத்து மூக்கு, பிரியாணிப் பொட்டலம் ஏறினால் சரியாகிவிடும் என்றுதான் ஊரில் எல்லோரும் பேசிச் சிரிப்பார்கள். அது துணியில் ஏறும், பெட்டியில் ஏறும், பூனா வரை போகும் என்று யாரும் நினைத்ததில்லை. பஜாரில் கடை போட்டிருந்தால் வாங்குகிறவருக்கும் அதே ஊர் மூக்குதான். காலம் முழுக்கத் தெரியாமலே போயிருக்கும்.

நேராக ஷஹீன் பானு வீட்டுக்குப் போனாள். வெட்டிய நைட்டித் துணிகள் ஓரத்தில் இருந்தன. அவற்றின்மேல் ஷூவின் மேல்பாகங்கள் குவிந்திருந்தன. பசை டப்பா திறந்திருந்தது. வாசலுக்கு எதிரே சாக்கடையில் தோல் பதனிடும் இடத்துத் தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் தினமும்தான் பார்க்கிறாள்.

"ஆபா, இங்க நாத்தம் அடிக்குதா?"

"இன்னா நாத்தம்? உனக்கு ஜலதோஷமா?" ஷஹீன் பானு மெஷினை நிறுத்தவேயில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலடி. உனக்குத் தெரியுதா?"

ஜெனிஃபா மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. துணி ஆம்பூருக்கே வரக்கூடாது. நெய்த ஊரிலேயே தைத்து, அங்கேயே கட்டி அனுப்ப வேண்டும். அதற்குக் குடியாத்தத்தில் ஓர் அறையும், அதைத் தரக்கூடிய ஆளும் வேண்டும். அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

போனாள். வாசலில் நின்று, நந்தகோபால் வெளியே வந்ததும் எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள். "தப்பு என் பக்கம்ணா. உங்க துணியில ஒண்ணும் இல்ல. எங்க ஊருதான்."

அவர் கோபப்படவில்லை. "அப்பவே தெரிஞ்சிருந்தா அந்தச் சாயக்கார கெழவன நிறுத்தியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்தவர் மனைவியைப் பார்த்து நிறுத்தினார்.

மனோரமா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "தப்பா நெனைக்காதம்மா. பைய அங்க முருங்க மரத்தடியில வெச்சிடு. நீயும் இந்த சேர்லயே உக்காரு. கூடத்துல துணி கட்டி வெச்சிருக்கோம்."

இத்தனை நாள் ஜெனிஃபா அந்தக் கூடத்தில் துணிக்கட்டுகள்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். யாரும் எதையும் முகர்ந்ததில்லை. நாற்றம் என்ற சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். ஆம்பூரில் தோல் தொடுகிற வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மனதில் வேறு என்னென்ன சொற்கள் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவற்றையெல்லாம் மரியாதையாகச் சொல்ல ஒரு வழியை அவளே கற்றுக்கொடுத்திருக்கிறாள். பையை மரத்தடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரூமு கேட்டு வந்தேன்ணா" என்றாள்.

நந்தகோபால் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "ரூமு இல்லம்மா. பாப்பாவே இப்ப கடை ஆரம்பிச்சிருக்குது. நீ சொன்ன மாரிதான். கம்ப்யூட்டரெல்லாம் வாங்கிக் குடுத்துட்டேன்."

ஜன்னலுக்குள் தீபலட்சுமி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொடியில் காற்றடிக்கும் துணியின் படம் திரையில் தெரிந்தது. அவள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கோச்சுக்கிட்டீங்களா?" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இது ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா. இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு." ஆங்கிலத்தில் எழுதியதைத் திக்கித் திக்கிப் படித்தாள். அர்த்தம் இதுதான்: 'எங்கள் துணியில் தோல் நாற்றம் இல்லை. இது ஆம்பூர் சரக்கு அல்ல.'

மனோரமா தரையைப் பார்த்தாள். நந்தகோபால், "பாப்பா, அத அப்புறமா..." என்றார்.

ஜெனிஃபா எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் மோசமாக இருந்தது. மோசமான வாக்கியம் காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

"இல்லன்னு எழுதாத" என்றாள். "நாத்தம் இல்லன்னு நீ எழுதினாத்தான் வாங்கறவங்களுக்கு நாத்தம் ஞாபகம் வரும். பொட்டிய பிரிச்சதும் மோந்து பாப்பாங்க. இருக்கறதச் சொல்லு, இல்லாததச் சொல்லாத."

"அப்ப இன்னா போடறதுக்கா?"

ஜெனிஃபா ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தபடியே, கம்பெனியில் மேனேஜருக்குச் சொல்வதுபோல, சொல் சொல்லாக நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். 'குடியாத்தத்தில் நெய்து, வெயிலில் உலர்த்தி, நெய்த வீட்டிலேயே தைத்து உங்களுக்கு அனுப்புகிறோம்.' தீபலட்சுமி தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். ஓரிடத்தில் எழுத்துப் பிழை வந்திருக்கும் என்று விசை தட்டும் சத்தத்திலேயே கண்டுபிடித்து, ஜெனிஃபா திருத்தச் சொன்னாள்.

"சூப்பர்க்கா. அந்த ஆம்பூர் வரி?"

"அத எடுத்துடு" என்றாள் ஜெனிஃபா. "அந்தப் பேரே எங்கயும் வர வேணாம்."