குளிரறைக்காரரின் வலது பாதம்

மீன் பதனிடும் கூடத்தில் அவரைப் பனிக்கரடி என்றுதான் கூப்பிடுவார்கள். மைனஸ் பதினெட்டில் இருக்கும் குளிரறைக்குள் மற்றவர்கள் இரட்டைக் காலுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் என்று போருக்குப் போவதுபோலப் போவார்கள். இவர் மட்டும் பெட்டிகளை அடுக்கி முடித்து வெளியே வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஐஸ் தூள் நிரப்பிய தட்டில் வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஐஸ் பத்தே நிமிடத்தில் கொதித்துவிடும் என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. கொதிக்காது. உருகி வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே அந்தக் கால்கள் எரிந்தன. கொஞ்சம் நடந்தால், வெயில் பட்டால், போர்வை மூடினால் போதும். பாதம் தக்காளியாகச் சிவந்து, தணலில் நிற்பதுபோல எரியும். சர்க்கரையா என்று பார்த்தார்கள், இல்லை. குடியா என்று கேட்டார்கள்; அது அவருடைய சித்தப்பாவின் இலாகா. கடைசியில் எல்லாம் மனசுதான் என்று கைகழுவிவிட்டார்கள்.

அவருடைய அப்பாவுக்கும் அதே எரிச்சல். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஆளுக்கொரு வாளித் தண்ணீர் இருந்த வீடு அது. ஆனால் அதை வியாதி என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது அந்தச் சட்டம் இன்னும் இறுகிப்போனது. விருந்தாளி வந்தால் முதலில் ஒளித்து வைக்கப்படுவது வாளிகள்தான்.

ஐஸ் எரிச்சலை அணைத்தது, கூடவே தோலையும் தின்றது. கொப்புளம் புண்ணானது. வலது காலில் மூன்று விரல்கள் கறுத்தன. ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். கையெழுத்துப் போடவேண்டிய தாள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் கிடந்தது.

மத்தியானம் நரம்பு மருத்துவர் வந்தார். சின்னப் பெண். பனிக்கரடியின் கணுக்காலில் வைத்த விரலை வெகுநேரம் எடுக்காமலே இருந்தார். நாடி நன்றாகவே ஓடுகிறதே என்றார். எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

கட்டிலின் ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் பைப் ஃபிட்டரான அத்தான். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் கல்லும் வாயை மூடிக்கொள்ளும்.

“இல்ல டாக்டர்” என்றார் தம்பி.

மருத்துவர் நகரவில்லை. வலியைச் சொல்லும் நரம்பில் பொடிப்பொடியாகக் கதவுகள் உண்டு, அவை வழியாகத்தான் சோடியம் உள்ளே போகும், அப்போதுதான் மூளைக்குச் சேதி கிளம்பும் என்று விளக்கினார். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் அந்தக் கதவு தொட்டாலே திறந்துகொள்ளும், மூடவும் சோம்பல்படும். வெறும் சூடுகூட நெருப்பு என்று போய்ச் சேரும்.

“இது பெரும்பாலும் குடும்பத்துல ஓடும். யாருக்காவது இருக்குன்னா, இப்பவே மாத்திரை ஆரம்பிச்சு ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லுவேன். இல்லன்னா என் பேச்சை யாரும் கேக்கமாட்டாங்க.”

காலை எடுத்தாலாவது எரிச்சல் நிற்குமா என்று அத்தான் கேட்டார். வலி இருப்பது நரம்பில், எடுத்த பிறகு இல்லாத காலும் எரியலாம் என்று பதில் வந்தது.

தம்பி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். சொல்லிவிடலாம், ஆனால் அது அக்காவின் ரகசியமும் அல்லவா. அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு நீலப் பேனாவோடு உள்ளே வந்தார். ஆபரேஷனுக்கு அடையாளம் போடணும் என்று சொல்லி, கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு கோடு இழுத்தார்.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள். உள்ளே சொட்டச் சொட்ட நனைந்த காலுறை. அதையும் உரித்துவிட்டு, செக்கச்செவேலென்ற இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள்.

“எனக்கும் இருக்கு. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. இவருக்குத் தெரியாது.”

அத்தான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்.

“அப்ப கட்டில் பக்கத்துல தினமும் தரை ஈரமா இருந்தது?”

“நான்தான். துணியை நனைச்சுக் கால்ல சுத்திப்பேன்.”

“பைப் ஒழுகுதுன்னு மூணு தடவை தரையைப் பேத்தேனேடி. ஊர்ல எல்லா ஒழுக்கையும் கண்டுபிடிக்கிறவன் நான்.”

“தெரியும். மூணு தடவையும் நான்தான் சிமெண்ட் எடுத்துக் குடுத்தேன்.”

அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். ஆனால் திரும்பி வந்தபோது மருத்துவரிடம் ஒன்றுதான் கேட்டார், அந்த மாத்திரையை இவளுக்கும் எழுதித் தருவீர்களா என்று.

அறுவை மருத்துவர் மனமில்லாமல் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். ஐஸைத் தொடவே கூடாது என்பது உத்தரவு. முதல் நான்கு நாள் தம்பி கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளையாததுதான் ஆச்சரியம். இந்த மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. எட்டாம் நாள் புண்ணின் ஓரத்தில் புதுச் சதை தெரிந்தது.

பதினோராம் நாள் அறுவை மருத்துவர் கறுத்த மூன்று விரல்களை மட்டும் எடுத்தார். கட்டுப் போட்டு முடித்துவிட்டு, “மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.