போர்க்கா மிசேரியாங்க

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் இத்தாலியில், எழுநூறு வருசத்துக்கு முந்தின அந்த ஊர் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பெருமை எடுபடும். அதனால் கல்யாண வீடுகளில் சேர்த்தேதான் சொல்லுவேன்.

சொல்லப்போனால், அவளுக்கு முன்பே இத்தாலி பாஷை பேசினவன் நான். காங்கேயம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஹெல்ப்பராக இருந்தபோது, புது மெஷின் பூட்ட இத்தாலிக்கார ஃபிட்டர் ஒருத்தர் வந்தார். மெஷின் மக்கர் பண்ணினால் "போர்க்கா மிசேரியா!" என்று சத்தம் போட்டுவிட்டு ஸ்பானரை எடுப்பார். மெஷின் ஓடிவிடும். அவங்க சாமியைக் கும்பிடுகிறார் என்றே நினைத்தேன். பிற்பாடு சொந்தப் பட்டறையில் முதல் லேத்தை ஓட்டும்போது நானும் அதையே சொன்னேன். பட்டறை இன்றைக்கு மூணு ஷெட்டாக நிற்கிறது.

போன தையில் மகள் ஊருக்கு வந்திருந்தபோது, அவளுடைய பேராசிரியையும் கோயமுத்தூர் வந்தவர், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அந்தம்மாவின் ஆராய்ச்சிக் குழுவில் ஒரே ஒரு இடம் காலி. அது கிடைக்காவிட்டால் இத்தனை வருசப் படிப்பும் அந்தரத்தில் நிற்கும் என்று மகள் சரியாகத் தூங்கவே இல்லை. ஆராய்ச்சி என்னவென்றால், பழைய இத்தாலியக் கடிதங்களில் ஒற்றை ஆளை 'நீங்கள்' என்று எழுதுவது பற்றி. உனக்கு இதில் என்ன அக்கறை என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவளுக்குச் சரியான பதில் வரவில்லை.

"அப்பா, நீங்க பரிமாறுனாப் போதுமுங்க. பேசிப்போடாதீங்க."

சும்மா இருக்கிற ஆளா நான்? இலை போட்டதும் கும்பிட்டு, விருந்தாளிக்கு உண்டான மரியாதையோடு சொன்னேன்: "போர்க்கா மிசேரியாங்க!"

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அந்தம்மாவுக்குப் புரையேறிவிட்டது. மகள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அப்பா, அது வசவுங்க!"

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னமோ கேட்டார்.

"கடைசியில வர்ற 'ங்க' என்னன்னு கேக்கறாங்கப்பா."

"மரியாதைங்க கண்ணு. நாங்க வஞ்சாலும் அது இல்லாம வய்யமாட்டோமுன்னு சொல்லுங்க."

மகள் சொல்ல ஆரம்பித்தாள். மூணு வயசிலேயே தன்னை 'வாங்க, உக்காருங்க' என்று நான் கூப்பிட்டது வரைக்கும் போய்விட்டாள். அந்தம்மா கேட்ட கேள்விகளில் பாயசம் ஆறிப்போச்சு.

ஒரு மாசம் கழித்து இத்தாலியிலிருந்து போன்.

"வேலை கெடச்சிருச்சுங்கப்பா! நான் சொன்ன விளக்கத்துக்குத்தான் குடுத்தாங்க. உங்க வசவுக்கு இல்லீங்க."

"சரிங்க கண்ணு. கேள்வியை எடுத்துக் குடுத்தது யாருங்க?"



"போர்க்கா மிசேரியாங்க!" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.