ஒரே நாளில் பாய்ச்சிய தண்ணீர்

துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் நான் தோட்ட வேலை பார்த்த வீட்டில் ஓர் ஆப்பிள் மரம் இருந்தது. சூட்டைத் தாங்கும் ஜாதி என்று முதலாளி எங்கிருந்தோ வாங்கி வந்து நட்டது. காய் பிடிக்கும், நிறம் ஏறும், பறிக்கப் போகும் நேரத்தில் தோல் வெடித்துவிடும். அப்புறம் எறும்புக்குத்தான் கொண்டாட்டம். முதலாளிக் கிழவருக்கு ஒரு வருஷம்கூட முழுப் பழம் கிடைத்ததில்லை.

எனக்கு முன்னால் இருந்தவன் நினைத்தால் குழாயைத் திறப்பான், மறந்தால் மரம் காயும். காய்ந்து கிடந்த மரம் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் பழத்துக்குள்ளே சதை பெருகும். தோல் அதற்கு ஈடுகொடுக்காது. நான் தினமும் விடியலில் ஒரே அளவாக ஊற்றினேன். வேரைச் சுற்றி ஈச்ச மட்டையை நறுக்கிப் பரப்பினேன். மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் சாக்கு கட்டினேன்.

அந்த வருஷம் எனக்கும் டிரைவருக்கும் ஒன்றாக லீவு வந்தது. கோடைக்கு முன் ஒருவர்தான் போகலாம். பழம் வெடிக்காமல் வந்தால் நீ முதலில் போ என்று முதலாளி சொல்லியிருந்தார். ஊரில், நான் இன்னும் முகம் பார்க்காத மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

டிரைவர் எனக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஒரே ரூம், ஒரே சமையல். முதலாளியிடம் நான் எதைச் சொன்னாலும் அவன்தான் அரபியில் எடுத்துச் சொல்வான். காய் சிவக்கும் சமயம் பார்த்து, முதலாளியின் தம்பி தோட்டத்தில் பேரீச்சங்குலை கட்ட என்னை ஒரு வாரம் அனுப்பினார்கள்.

“நீ போயிட்டு வா மாப்ள. தண்ணிய நான் பாத்துக்கிறேன். ஒன் அளவு எனக்குத் தெரியாதா?” என்றான் டிரைவர்.

திரும்பி வந்தபோது மரத்தடி சேறாகக் கிடந்தது. ஒரு பழம் பாக்கியில்லாமல் வெடித்திருந்தது. சமையல் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“தம்பி, நீங்கள் போன நாள் தொட்டு அவன் ஒரு சொட்டுத் தண்ணியும் விடேல்லை. நேற்றுத்தான் விடியக் குழாயைத் திறந்துவிட்டவன். நான் பூட்டப் போக, உனக்கென்ன எண்டு ஏசினவன்.”

முதலாளி வந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். டிரைவர் அரபியில் ஏதோ சொன்னான். கிழவர் என்னைப் பார்த்துக் கையை உதறி, “கலாஸ்”, முடிந்தது, என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரூமில் கேட்டதற்கு, “எனக்கும் குடும்பம் இருக்குல்ல மாப்ள” என்றான். பாவி, என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான்.

லீவில் அவன் போனான். ஊருக்குப் போகிறவன் மற்றவர்களின் சாமானைக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பது எங்கள் வழக்கம். பக்கத்து ஊர்க்காரனிடம் கொடுத்துவிடவில்லை என்றால் ஏன், என்ன என்று கேள்வி வரும். வயிறு எரிய எரிய, பால் பவுடரும் சோப்பும் மகளுக்கு ஒரு கவுனும் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். கூசாமல் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவிக்குப் போன் போட்டேன். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. பெட்டியோடு அப்பா வருவார் என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாளாம்.

“பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்தாகளா, அப்பான்னு ஓடிப்போயி அவுக காலக் கட்டிக்கிருச்சுங்க. அவுகளும் தூக்கி வச்சுக் கொஞ்சுனாக. நல்ல மனுசன். ஏங்க, கேக்குதா?”

கேட்கிறது என்றேன்.