உப்புத் தண்ணி பாட்டில்

என் தங்கச்சி ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பாட்டில் கழுவி நிரப்பி வைக்கிறவள். பதினாலு வருஷமாச்சு. ஒருநாள் அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

மேலே பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கீழே டெக்னீஷியன் தம்பி பொருத்தம் பார்த்தான். தானமாக வந்த ரத்தத்தை உப்புத் தண்ணியில் கலந்து, நோயாளி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீரோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

"மூணு பையும் சேரலைக்கா. ரத்தம் உடைஞ்சுடுது."

தங்கச்சியின் கண் அவன் மேஜைமேல் இருந்த உப்புத் தண்ணி பாட்டிலுக்குப் போனது. காலையில் நிரப்பியவள் அவள்தான். மேஜைக்கடியில் ரெண்டு கேன். ஒன்றில் உப்புத் தண்ணி, இன்னொன்றில் வெறும் தண்ணி. எதிலிருந்து ஊற்றினாள்? ஞாபகமில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மேலே ஒரு உயிர். கடவுளே கடவுளே என்று முணுமுணுத்தபடி சொல்லிவிட்டாள்.

"தம்பி, நான் கேனை மாத்தி ஊத்திட்டேனோன்னு பயமாயிருக்குப்பா."

அவன் முகம் வெளுத்தது.

ரத்தத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிய தோல் உண்டாம். அதில் ஆள் பார்த்து விடுகிற வாசல்கள். தண்ணி சுலபமாக உள்ளே போகும், உப்பு அப்படிப் போகாது. வெளியிலும் அளவான உப்பு இருந்தால் அணு பத்திரம். வெறும் தண்ணியில் விட்டால் குடித்துக் குடித்து வீங்கி வெடித்துவிடும். வெடித்தால் தண்ணி கலங்கல் போய்த் தெளிந்து, அதன் வழியே எழுத்துகூடப் படிக்கலாம்.

அந்தப் பாட்டில் தண்ணியில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, குழாயைச் செய்தித்தாள்மேல் பிடித்தான்.

"அஞ்சாங் கிளாஸ்தானே நீங்க? படிங்க. படிக்க முடியக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே படிங்க." என்றான்.

"'வீடு வாடகைக்கு'ன்னு போட்டிருக்கு தம்பி..." அழுதுவிட்டாள்.

பாட்டிலைக் கொட்டிக் கழுவி, அடுத்த கேனிலிருந்து ஊற்றினான். இப்போது விட்ட சொட்டில் சிவப்புக் கலங்கல். ஓர் எழுத்தும் தெரியவில்லை. முதலிலிருந்து பார்த்தார்கள். மேலேயிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரெண்டு பை சேர்ந்தது.

"நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும்கா. முதல்ல இதைக் கொண்டு போங்க."

வார்டு வாசலில் நர்ஸ் பைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அங்கே அந்தப் பெண்ணின் புருஷன் நின்றிருந்தார்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

"என் தப்புப்பா. தண்ணிய மாத்தி ஊத்திட்டேன்."

அவர் போய்ப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவளும் நகரவில்லை. சாயங்காலம் நர்ஸ் வந்து, "ரத்தம் நின்னுடுச்சு, கண்ணு முழிச்சுட்டாங்க" என்றாள்.

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "உக்காரும்மா, எவ்ளோ நேரம் நிப்பே" என்றாராம்.