வரப்பில் நிற்கும் கால்

எண்பதுகளில் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் மை டப்பாவை நீட்டிக் கைநாட்டு வாங்குவது என் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது. நீட்டினால் வைத்துவிடுவார்கள், யாரும் கேள்வி கேட்டதில்லை. நெடுங்காட்டிலிருந்து வந்த நடவுக்கார அம்மாள் ஒருத்திதான் கேட்டாள்.

ஒல்லி உடம்பு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. இடது பாதம் வளைவு சரிந்து தட்டையாகக் கிடந்தது. வலியால் ஒரு போகம் நடவுக்கே போகவில்லை. சிமெண்ட் தரையிலும் சேற்றில் நிற்பதுபோல விரல்களை ஊன்றிக்கொண்டே நிற்பாள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் நைந்துவிட்டது, விரல்களை மடக்கும் நாரை எடுத்து அங்கே தைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வெரல் மடங்கலைன்னா வழுக்குற வரப்புல எப்படிங்கய்யா நிப்பேன்?"

"கைநாட்டை வைம்மா, டாக்டர் நிக்கிறாருல்ல!" என்று கத்தினேன்.

"நிக்கட்டும். நாளைக்கு வரப்புல நிக்கப்போறது அவரா, நீயா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்து விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"கட்டவெரல் நாரைத் தொடமாட்டேன். மத்த நாலும் முன்னமாதிரி பிடிக்காது. வலி கொறையும். ஆனா இந்த வருஷம் நடவு கிடையாதும்மா."

கட்டைவிரலை மட்டும் தரையில் ஊன்றிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த மை டப்பாவைத் தானே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நெடுங்காட்டு வழியாக சைக்கிளில் போனபோது அவளைப் பார்த்தேன். மழையில் ஊறிய வரப்பு, தலையில் நாற்றுக்கட்டு. நாலு விரலும் சும்மா கிடக்க, கட்டைவிரலை ஊன்றி ஊன்றி நடந்தாள். அவள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டு அசையவே இல்லை.