பவளராணி திரும்பி வந்த நாள்

அன்றைக்கு எங்கள் தகரக் கொட்டிலின் முன்னால் இருந்தவர்கள் நான்கு பேர். வாசிப்பதற்குச் சின்னம்மா, குறுக்கே பேசுவதற்கு மச்சாள், பயப்படுவதற்கு நான், முடிவு தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காத்தான்குடிப் புடவைக்கார நானா. கூடைக்குள் ஒரு கோழி அடை கிடந்தது. அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. பக்கத்து வளவு மாமி அங்கே இருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். மாமி கூட இருந்தாரா, இல்லையா என்று பிறகு சின்னம்மா என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் ஆட்களை இப்படி எண்ணிச் சொல்கிறேன்.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செட்டிபாளையத்தில் கடற்பக்கம் இருந்த எங்கள் வீடு போனபிறகு வாவிப் பக்கமாகத் தகரக் கொட்டில்கள் அடித்துத் தந்திருந்தார்கள். பகலில் உள்ளே இருந்தால் அவிந்து போவோம். அதனால் எல்லாருடைய சீவியமும் முற்றத்தில்தான் நடந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இந்த நானா சைக்கிளில் புடவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார், தவணைக்குக் கொடுப்பார். அவருடைய சொந்தக்காரர் இந்தியாவுக்குப் போய்ச் சாரி எடுத்துவரும்போது, சாரிகளுக்கு நடுவே நானாவின் மகளுக்கு ஒரு கதைப்புத்தகமும் வரும். மகள் வாசித்து முடித்தால் அது எங்களிடம் வரும். அப்படித்தான் பவளராணியின் கதை நாலு பாகமும் எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இவ்வளவு எழுதக்கூட வந்திருக்காது.

பவளராணி உப்புக் காய்ச்சுகிறவளின் மகள். ஏழு தலை மீனொன்று அவளோடு மட்டும் பேசும். நாலாம் பாகம் முடிகிறபோது கருங்கோட்டை ஆட்கள் அவளைப் பொழுதுபடுகிற நேரத்தில் பிடித்து, துடுப்பில்லாத ஒரு படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. பிறகு சண்டை, பாதை பூட்டு, அது இது என்று ஒரு வருடமாக ஐந்தாம் பாகம் வரவேயில்லை.

அந்த ஒரு வருடம் நாங்கள் பட்ட பாடு பெரியது. சின்னம்மாவின் கட்சி, பவளராணி செத்துவிடுவாள் என்பது. செத்தால்தான் கதை மனதில் நிற்கும் என்பார். மச்சாளின் கட்சி, வருவாள் என்பது. இதனால் ஒருமுறை இரண்டு பேரும் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். நான் இரண்டு கட்சிக்கும் நடுவே பயந்துகொண்டு இருந்தேன். சுனாமிக்குப் பிறகுதான் இந்தப் பிள்ளைக்கு இப்படிப் பயம் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்னும் நான் அப்படித்தான்.

கடைசியில் மச்சாள் என்னைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், என் தலையையும் சேர்த்துக் குனியவைத்து, நேர்த்தி வைத்தாள். பவளராணி உயிரோடு திரும்பி வந்தால் ஒழுங்கை முழுக்க மடிப்பிச்சை எடுத்து அம்மாளுக்குப் பொங்கல் வைப்போம் என்று. ஒரு கதைப்புத்தகத்துப் பிள்ளைக்கு நேர்த்தி வைத்தால் அம்மாள் கோபிக்காதா என்று கேட்டேன். அம்மாளுக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்றாள் மச்சாள்.

ஐந்தாம் பாகத்தை நானா தன் பொட்டலத்தின் அடியிலிருந்து எடுத்தபோது மச்சாள் அவருடைய காலில் விழாத குறை. முடிவை மட்டும் சொல்லச்சொல்லிக் கெஞ்சினாள். அவர் சிரித்தார்.

“மகள் சத்தியம் வாங்கிட்டா புள்ள. சொன்னனெண்டா ஊட்டுல எனக்குச் சோறில்ல.”

ஆனால் போகவும் மனமில்லாமல், பிளேன்டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி சைக்கிளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். சின்னம்மா வாசிக்க வாசிக்க அவர் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பவளராணிக்குக் கருங்கோட்டையில் ஒரு நாளைக்கு இரண்டு பழம்தான் சாப்பாடு என்று வந்த இடத்தில் சின்னம்மாவின் குரல் தாழ்ந்தது. தன் கட்சி வெல்லப்போகிறது என்பது அவருக்கே பிடிக்கவில்லை போல. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கைக்குள்ளாலும் கேட்டது.

மீன் தன் முள்ளொன்றைப் பிடுங்கிச் சாளரத்தால் எறிந்தது. முள் சாவியாகியது. பவளராணி தன் கதவைத் திறந்தாள், திறந்தவள் ஓடவில்லை. ஒவ்வொரு கதவாக, கோட்டை முழுக்கத் திறந்தாள். அடைபட்டிருந்த அத்தனை பேரும் மீனின் முதுகில் ஏறினார்கள். விடிகிற நேரம் தாய் உப்புக் காய்ச்ச அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கையில், கரையில் பவளராணி நின்றாள்.

மச்சாள் எழும்பித் தகரத்தில் சிரட்டையால் அடித்தாள். கோழி கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. தோற்றுப்போன சின்னம்மா புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் அழுதார், சிரித்தார். நானா முழங்காலில் தட்டித் தட்டி, தன் மகளும் இந்த இடத்தில் இப்படித்தான் கத்தினாள், பக்கத்து வீட்டார் கள்ளன் என்று ஓடிவந்தார்கள் என்றார். நானும் கத்தினேன். என் வாழ்நாளில் பயமில்லாமல் கத்தியது அன்றைக்குத்தான்.

“பவளராணி வந்திட்டாள்! பவளராணி வந்திட்டாள்!”

வேலிக் கடப்பில் மாமி நின்றார். கையில் பிழியாத உடுப்பு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் ஐந்து மாதத்துக்கு முன் மண்ணெண்ணெய் வாங்கப் போனவன். சைக்கிள் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. யார் பிடித்தது என்பதைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் பேசுவதில்லை.

ஆர்ட மகள் வந்தது என்று கேட்டார். வெற்றி வெறியில் இருந்த மச்சாள், உப்புக் காய்ச்சுகிற மனிசியின் மகள், கொண்டுபோனவர்களிடமிருந்து தப்பி வந்துவிட்டாள் என்றாள். மாமி அந்த ஈரக் கையாலேயே எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு ஒழுங்கையில் இறங்கி ஓடினார். மாமி ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கடப்பில் யாரும் இல்லை.

நேர்த்தியைக் கோயிலின் வருடச் சடங்கு வரைக்கும் தள்ளிப்போடலாம் என்று மச்சாள் சொன்னாள். நான் விடவில்லை. தள்ளிப்போட்டால் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளம் போடும் என்று இரண்டு நாள் அரித்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மஞ்சள் துண்டில் மடி கட்டி, கையில் வேப்பிலையோடு இறங்கினோம். நிறைந்ததைக் கொட்டிக்கொள்ளக் கடகத்தைச் சுமந்துகொண்டு சின்னம்மா பின்னால் வந்தார்.

நாங்கள் கூப்பிட முன்பே ஒவ்வொரு கடப்பிலும் பெண்கள் அரிசியோடு நின்றார்கள். ஒரு பிடி போடுகிற வழக்கத்துக்குப் பதிலாகச் சுண்டுச் சுண்டாக அளந்து போட்டார்கள். பவளராணிக்காக என்று சொன்னால் தெரியும் தெரியும் என்றார்கள். எப்படித் தப்பினாள், எந்தப் பக்கத்தால் வந்தாள் என்று மறித்து மறித்துக் கேட்டார்கள். நாங்கள் ஐந்தாம் பாகத்தை வரிக்கு வரி ஒப்புவித்தோம். மீனைப் பற்றிச் சொன்னபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கடலில அம்மாள் எந்த உருவத்திலயும் வருவா என்றார் ஒரு பெரியம்மா. போட்ட அரிசியின்மேல் கையை வைத்துக்கொண்டு சிலர் வாய்க்குள் ஏதோ பெயர் சொன்னார்கள். எங்கள் ஊரில் பவளராணிக்கு இத்தனை ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சாள் ஊர்வலம் போகிற ராணிபோல் நடந்தாள். நானும் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

மூன்றாவது வீட்டில் சின்னம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, அக்கா, இது ஒரு கதை என்று தொடங்கினார்.

“எல்லாம் கதைதான் தங்கச்சி. புள்ள வந்திட்டாள்தானே, அது போதும்.”

சின்னம்மா கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

கடைசி வீடு மாமியுடையது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. மாமி என்னை மட்டும் கிட்டக் கூப்பிட்டார். அவளுக்கு அடித்தார்களா என்று கேட்டார். இல்லை மாமி, பூட்டி வைத்தது மட்டும்தான் என்றேன். சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டார். இரண்டு பழம் என்றேன். என் துண்டின் ஓரத்தை நேராக்கினார்.

“அவளோட வேற ஆரும் நின்டவங்களா புள்ள? பொடியன்மார்?”

எனக்குத் தெரிந்த கேள்வி. ஓடிப்போய் விடை சொல்கிற பிள்ளைபோல் சொன்னேன்.

“ஓம் மாமி, கனபேர். எல்லாற்ற கதவையும் திறந்துவிட்டுத்தான் வந்தவள். ஒருத்தரையும் விட்டிட்டு வரல்ல.”

மாமியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. உள்ளே போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“இப்ப ஒண்டும் போடமாட்டன். அவன் வரட்டும். வந்த அண்டைக்கு அவன்ட கையாலயே நூற்றியொரு ரூபா. கணக்கில வை.”

சின்னம்மாவின் கை என் தோளை இறுக்கியது. கடகத்தின் பாரம் என்று நினைத்தேன்.

அன்று கோயிலில் மூன்று பெரிய பானையில் பொங்கினோம். பானை பொங்கி வழிந்தபோது ஊரே குரவையிட்டது. ஒரு புத்தகத்தின் ஐந்தாம் பாகத்துக்கு அப்படியொரு வரவேற்பு எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது. எனக்கு ஒரேயொரு குறைதான். திரும்பி வரும் வழியில் மச்சாளிடம் முறைப்பட்டேன்: ஊரெல்லாம் அள்ளி அள்ளித் தந்தது, நெருங்கின மாமி மட்டும் கடன் சொல்லித் தப்பிவிட்டார்; அம்மாளுக்கு வரவேண்டியதில் குறை விழுந்தால் கொப்பளம் யாருக்கு வரும்?

ஆறாம் பாகத்தை நானா சண்டை முடிந்த வருடம் கொண்டுவந்து தந்தார். சின்னம்மா அதைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் வாசித்தார். மாமி இன்னும் பக்கத்து வளவில்தான் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கிற அன்று வேலியடியில் என்னைக் கூப்பிட்டு, கணக்கு நினைவிருக்கா என்று கேட்பார். ஓம் மாமி என்பேன்.

வரவேண்டியது நூற்றியொரு ரூபா.